கவுட்: உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதுமா?

மூட்டுகளில் கடும் வலி தரும் கவுட் நோயை மாத்திரை இல்லாமல் உணவால் மட்டுமே கட்டுப்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் செல்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. அதைச் சிறுநீரகங்கள் போதிய அளவு வெளியேற்றாமல், இரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், ஊசி போன்ற படிகங்கள் மூட்டுகளில், குறிப்பாகக் கால் பெருவிரலின் அடிமூட்டில், படியத் தொடங்குகின்றன. வலி உச்சத்தில் இருக்கும்போது இரத்தப் பரிசோதனை இயல்பான அளவைக் காட்டக்கூடும் என்பதால், அதை மட்டும் நம்பி நோயில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சிவப்பு இறைச்சி, மத்தி, நெத்திலி, பீர், ஃப்ரக்டோஸ் மிகுந்த இனிப்புப் பானங்கள் ஆகியவற்றைக் குறைப்பது அவசியம். பயறும் கீரையும் பியூரின் கொண்டவை என்றாலும், அவை கவுட் அபாயத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அவற்றை வீணாக விலக்கிப் பலர் சத்துக் குறைவுக்கு ஆளாவது எனக்கு வருத்தமளிக்கிறது. கொழுப்பு நீக்கிய பாலும் போதிய நீரும் நன்மை தரும். உடல் எடையை மெல்லக் குறையுங்கள். கடும் பட்டினியே வலியைத் தூண்டிவிடும்.

ஆயினும் உணவு மாற்றத்தால் யூரிக் அமிலம் பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவே குறைகிறது. அடிக்கடி வலி வருவோர்க்கு அதை 6-க்குக் கீழே வைத்திருக்க அலோபியூரினால் போன்ற மருந்து தேவைப்படும். வலி நின்றதும் அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.