பிடித்த பேஸ்பால் வீரரை அணி ட்ரேட் செய்துவிட்டால் ரசிகர்கள் அதை எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள்?

தாங்கிக்கொள்வதில்லை. ஆறு வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

"வருஷக்கணக்காகக் கொண்டாடியவரை ஒரே ராத்திரியில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்களும் எங்கள் பாஸ்டன் பக்கம்தான் என்று தோன்றுகிறது. எங்கள் ஊர் அணி ரெட் சாக்ஸ் 2025இல் அனுப்பிவிட்ட ரஃபேல் டெவர்ஸ் விஷயம்தானே? வீட்டில் அவருடைய எண் 11 போட்ட சட்டை ஒன்று அலமாரியில் கிடக்கும், அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பீர்கள். தப்பாக யூகித்திருந்தால் மன்னிக்கவும். வேறு அணியாக இருந்தாலும் சட்டைப் பிரச்சினை ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் அமெரிக்கா போய் பேஸ்பால் பேசி சீன் போடுகிறான்" என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் வந்த புதிதில் ஏழெட்டு வருஷம் நானும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மூன்று மணி நேரம் எல்லாரும் சும்மா நிற்கிற ஆட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். என்னை இழுத்து உட்காரவைத்தது என் மகள். அவளை இழுத்தது மூக்கி பெட்ஸ்.

அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ரெட் சாக்ஸ் 2011இல் ஐந்தாவது சுற்றில் எடுத்த பையன் அவர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். மற்றவர்களெல்லாம் பனைமரம் மாதிரி நிற்க, இவர் மட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி இருப்பார். அதனாலேயே சின்னப் பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். 2018இல் அடிக்கும் சராசரி .346, ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) 32, திருடிய பேஸ் (அடி விழாமலே அடுத்த முனைக்கு ஓடிச் சேர்வது) 30, அமெரிக்கன் லீகின் எம்விபி, அதாவது அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர். அணி அந்த வருஷம் 108 ஆட்டம் ஜெயித்து, வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதித் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸையும் அடித்தது. டாட்ஜர்ஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடையில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். அங்கே மூக்கன், மூக்கையா, மூக்கம்மா என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். டிவியில் "மூக்கி" என்று கேட்டதும் அம்மாவுக்குச் சொந்தக்காரப் பையன் மாதிரி ஆகிவிட்டது. "நம்ம மூக்கையா எப்ப வருவான்?" என்று பேத்தியிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஜூலை 12, டொரான்டோவுடன் ஆட்டம். மூன்று பேஸிலும் ஆள். ஜே.ஏ. ஹாப் பந்து போடுகிறார், பெட்ஸ் தட்டிவிடுகிறார், ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே. மறுபடி போடுகிறார், மறுபடி ஃபவுல். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். பத்துக்கு மேல் விரல் இல்லாமல் பாட்டியின் கையைப் பிடித்து எண்ணினாள். "இவனென்ன, கடன்காரனுக்குப் பதில் சொல்ற மாதிரி தட்டிக்கழிச்சுக்கிட்டே இருக்கான்?" என்றார் அம்மா. பதின்மூன்றாவது பந்து. இடது பக்கம் முப்பத்தேழு அடி உயரத்துக்கு ஒரு பச்சைச் சுவர் நிற்குமே, அதற்கு மேலே போய்விட்டது. நாலு ரன். பெட்ஸ் கத்திக்கொண்டே ஓடினார். எங்கள் வீட்டில் அதைவிடச் சத்தம். பாட்டி கையின் மூன்றாவது விரலை இவள் விடவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஜெர்சி தெருவில், மைதானத்துக்கு எதிரே, சட்டை வாங்கப் போனோம். ரெட் சாக்ஸ் உள்ளூர் ஆட்டத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் ஆட்டக்காரர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். முதுகில் வெறும் 50. "பேர்கூட இல்லாத சட்டைக்கு இவ்வளவு காசா?" என்றாள் மனைவி. வளர்கிற பிள்ளை, நாலு வருஷமாவது போடட்டும் என்று இரண்டு அளவு பெரியதாக எடுத்தோம். தீபாவளிச் சட்டை எடுக்கிற புத்தி எங்கே போகும்? முழங்கால்வரை தொங்கியது.

2020 பிப்ரவரி 4, செவ்வாய் ராத்திரி செய்தி வந்தது. பெட்ஸை டாட்ஜர்ஸுக்குக் கொடுக்கிறார்கள், கூடவே பந்துவீச்சாளர் டேவிட் பிரைஸையும். நடுவில் மினசோட்டா அணியும் இருந்தது. அங்கிருந்து வரவேண்டிய ஒரு பந்துவீச்சாளரின் மருத்துவ அறிக்கையில் ஏதோ சிக்கல் என்று பேச்சு இழுத்தது. நிச்சயம் முடிந்த கல்யாணம் தட்டிப்போகிற மாதிரி தெரிந்தது. என் மகள் ஆறு நாள் நம்பிக்கையோடு இருந்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் முதல் கேள்வி அதுதான். பத்தாம் தேதி மினசோட்டாவைத் தவிர்த்துவிட்டு ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். இங்கே வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். (எங்கள் பரம எதிரி நியூயார்க் யாங்கீஸின் நட்சத்திரம் டெரெக் ஜீட்டர் பெயரை வைத்த பையனை பாஸ்டனுக்கே அனுப்பினார்கள் பாருங்கள்.)

இப்போது நான் வெட்கப்படுகிற பகுதிக்கு வருகிறேன்.

எனக்கு ஆபீஸில் வேலையே பட்ஜெட் ஷீட் பார்ப்பது. அழுதுகொண்டிருந்த ஒன்பது வயதுப் பிள்ளையை உட்காரவைத்து, ஒரு வெள்ளைப் பேப்பரில் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தேன். லீகில் சம்பள வரம்பு வரி என்று ஒன்று இருக்கிறது. 2020க்கு ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு அந்தக் கோடு 208 மில்லியன் டாலர். தாண்டினால், தாண்டிய தொகைக்கு முதல் வருஷம் 20 சதவீதம், அடுத்த வருஷமும் தாண்டினால் 30, மூன்றாவது வருஷம் 50. ரெட் சாக்ஸ் ஏற்கெனவே இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. ஒரு வருஷம் கீழே இறங்கினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பெட்ஸுக்கோ ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே வருஷம், அதற்கே 27 மில்லியன். அது முடிந்தால் நமக்குப் பெரிதாக எதுவும் தராமலே போய்விடலாம். ஆகவே இப்போதே கொடுத்துவிட்டு மூன்று பேரை வாங்கிக்கொள்வது…

"அவங்ககிட்ட காசு இல்லையாப்பா?"

"இருக்கு."

"அவர் நல்லா ஆடலையா?"

"நல்லாத்தான் ஆடினார்."

பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க யாரு கட்சி?" என்றாள்.

பாட்டியிடம் கற்றுக்கொண்ட வார்த்தை. எனக்கும் மனைவிக்கும் சண்டை வந்தால் அம்மா அவளிடம் கேட்பது அது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த நிமிஷம் நான் முதலாளி கட்சியில்தான் இருந்தேன். ஆயிரம் கோடி வைத்திருப்பவர் வரி மிச்சம் பிடிப்பதற்கு ஒரு பைசா சம்பளம் வாங்காமல் நான் வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

"தொழில் என்றால் அப்படித்தான், பல மில்லியன் வாங்குகிறவருக்காக நீ ஏன் உருகுகிறாய்" என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். ஐயா, பெட்ஸுக்காக நான் உருகவில்லை. அதே ஜூலையில் டாட்ஜர்ஸ் அவருக்கு 12 வருஷத்துக்கு 365 மில்லியன் எழுதிக்கொடுத்தது. அக்டோபரில் கப்பும் ஜெயித்தார். அவர் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். ஆனாலும் எங்கே போவது என்பதில் வீரருக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதையும் மறக்கவேண்டாம். பத்து வருஷம் லீகில் இருந்து, கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் ஆடியிருந்தால் மாட்டேன் என்று சொல்லலாம். இல்லாவிட்டால் ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதி வாங்கியிருக்கவேண்டும். 1969இல் கர்ட் ஃபிளட் என்கிற ஆட்டக்காரர், என்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு அனுப்ப நான் என்ன சரக்கு மூட்டையா என்கிற மாதிரி மறுத்து, உச்ச நீதிமன்றம்வரை போனார். 1972இல் தோற்றார். அவர் ஆட்டமும் அதோடு போயிற்று. பலனை அனுபவித்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர், மூன்று தலைமுறையாக ரெட் சாக்ஸ் குடும்பம். அவர் எனக்குச் சொன்ன ஆறுதல், ரெட் சாக்ஸின் பழைய நட்சத்திரம் நோமார் கார்சியபாரா கதை. 2004 ஜூலை 31 அன்று அவரை சிகாகோ கப்ஸுக்கு அனுப்பினார்களாம். ஊரே துக்கம் கொண்டாடியதாம். அக்டோபரில் 86 வருஷம் கழித்துக் கப் வந்தது. "பொறுத்துப் பார்" என்றார். பொறுத்துப் பார்த்தேன். 2020இல் கொரோனாவால் 60 ஆட்டம்தான் நடந்தது, ரெட் சாக்ஸ் தன் பிரிவில் கடைசி. பெரியவரிடம் அப்புறம் கேட்டபோது, 1919 கடைசியில் பேப் ரூத் என்கிற மாபெரும் ஆட்டக்காரரை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸிடம் விற்ற கதையை ஆரம்பித்தார். இந்த ஊர்க்காரர்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது.

60 ஆட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது, இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அந்த வருஷம் ஜூலை கடைசிவரை ஒரு ஆட்டமும் நடக்கவில்லை. எங்கள் கேபிள் கம்பெனி (பெயர் வேண்டாம்) மாதாமாதம் பில்லில் "விளையாட்டுக் கட்டணம்" என்று தனி வரி போட்டு வாங்கிக்கொண்டே இருந்தது. போன் செய்தால் நாற்பது நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு பெண், "சார், அது சேனலுக்கான கட்டணம், ஆட்டத்துக்கானது இல்லை" என்றார். சேனலில் பழைய ஆட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிலும் 2018 ஆட்டம்! போன பையன் அடிப்பதைக் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் திரும்ப வரவில்லை. சரி, விடுங்கள்.

பெட்ஸ் எங்கள் ஃபென்வே மைதானத்துக்குத் திரும்பி வந்தது 2023 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை. டிக்கெட் எடுத்தேன். பார்க்கிங்குக்கு அழுத காசில் இன்னொரு டிக்கெட் எடுத்திருக்கலாம், அது வேறு கதை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து வருஷத்துக்கு முன் முழங்கால்வரை தொங்கிய சட்டை அன்றைக்குத்தான் அளவெடுத்துத் தைத்தமாதிரி பொருந்தியது. தோள்பட்டைத் தையல் தோள்மேலேயே உட்கார்ந்திருந்தது. நாங்கள் வாங்கிய கணக்கு சரிதான், சட்டை நாலு வருஷத்துக்கு மேலேயே தாங்கியது.

ஆட்டத்தின் முதல் பேட்ஸ்மேனே அவர்தான். சாம்பல் நிற டாட்ஜர்ஸ் சட்டை, முதுகில் அதே 50. மைதானம் முழுக்க எழுந்து நின்றது. பெட்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்டினார். எனக்கு முன்வரிசையில் ஒரு தாத்தா கை தட்டிக்கொண்டே முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தார், இரண்டையும் ஒரே மூச்சில். என் மகள் கை தட்டவில்லை, கத்தவில்லை. திரும்பி நின்று தன் முதுகை ஆடுகளத்துக்குக் காட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு எங்கே தெரியப்போகிறது? அதைச் சொல்ல வாய் எடுத்து மூடிக்கொண்டேன். அன்று டாட்ஜர்ஸ்தான் ஜெயித்தது.

2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சென்னை சஞ்சு சாம்சனை எடுத்தபோது, மதுரையிலிருந்து என் சித்தப்பா மகன் போன் செய்து ஒரு மணி நேரம் புலம்பினான். "2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பால்ல சிக்ஸும் ஃபோரும் அடிச்சவன்டா!" அவன் பேசட்டும் என்று விட்டுவிட்டேன். "டீமுக்கு இது நல்லதுதான்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லவில்லை. உங்களுக்கும் நான் சொல்லக்கூடிய யோசனை அவ்வளவுதான்: அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்களிடம் ஒரு மாதம் பேசாதீர்கள்.

டெவர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், அதற்குத்தானே கேட்டீர்கள். 2025 ஜூன் 15, அமெரிக்காவில் அப்பாக்கள் தினம். மத்தியானம் யாங்கீஸை மூன்றாவது நாளாக அடித்தோம், அதில் டெவர்ஸின் ஹோம் ரன்னும் ஒன்று. சாயந்திரமே அவர் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஆள். 2023இல்தான் பத்து வருஷத்துக்கு 313.5 மில்லியன் எழுதிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாவது பேஸில் அவர் நின்று ஆடிய இடத்தை அலெக்ஸ் பிரெக்மனுக்குக் கொடுத்தது, முதல் பேஸுக்குப் போகச் சொன்னது, இவர் முடியாது என்றது, யார் மேல் தப்பு என்று எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. சொல்லப்போவதில்லை.

செய்தியைப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் போன் அதிர்ந்தது. மேல் அறையிலிருந்து மகள், அப்போது பதினாலு வயது. "அப்பா, பேப்பர் எடுத்துக்கிட்டு வராதீங்க."

"உன் கட்சி" என்று பதில் போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

உங்கள் வீட்டு 11ஆம் எண் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போடுகிற பிள்ளைக்கு இப்போது கொஞ்சம் பெரிதாக இருந்தால் ரொம்ப நல்லது.