200 பக்க பிடிஎஃப் போட்டால் பிரவுசர் உறைகிறதே: கேள்வி பதில்

கேள்வி: பிரவுசரிலேயே 16 பக்க ஃபாரம் (அச்சிட்டு மடித்தால் 16 பக்கமும் வரிசையாக வரும் தாள்) அடுக்கித் தரும் கருவி ஒன்று எழுதியிருக்கிறேன். 200 பக்கப் புத்தகத்தைப் போட்டால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்தையும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாக்கித் தாளில் ஒட்டுகிறேன். எங்கே தவறு?

பதில்: படமாக்குவதில்தான். ஏ4 பக்கம் 300 டிபிஐ-யில் 2480 × 3508 பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு பக்கத்துக்கே 35 எம்பி நினைவகம். 200 பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 7 ஜிபி. போதாததற்கு எழுத்தெல்லாம் படமாகி ஓரம் மழுங்கும், அச்சுக்குப் பிளேட் போடுபவர் திட்டுவார்.

ஃபாரம் அடுக்க, பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்றே தெரிய வேண்டாம். 1-ஆம் பக்கத்துக்கு அருகில் 16 வர வேண்டும், சில பக்கங்கள் தலைகீழாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். மூலப் பக்கத்தை ஃபார்ம் எக்ஸ்ஆப்ஜெக்டாக (பிடிஎஃப்புக்குள் ஒரு பக்கத்தை முழுசாக வைக்கும் பொட்டலமாக)ப் பொதிந்துவிட்டு, ஆறு எண்கள் கொண்ட மேட்ரிக்ஸால் இடத்தையும் கோணத்தையும் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் படங்களும் எழுத்துருக்களும் பிரிக்கப்படாமல் அப்படியே போய்ச் சேரும்.

கேள்வி: நான் பிடிஎஃப்-லிப் (பிடிஎஃப் உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வைத்து அப்படித்தான் செய்கிறேன் அண்ணா. ஆனால் வெளியே வரும் கோப்பு பல மடங்கு பெருத்துவிடுகிறது.

பதில்: பக்கத்தைப் பொதியும் எம்பெட்பேஜை லூப்புக்குள் பக்கம் பக்கமாக அழைக்கிறீர்கள், பந்தயம் கட்டலாம்! ஒவ்வொரு அழைப்பும் நகலெடுப்பதை முதலிலிருந்து தொடங்கும். எல்லாப் பக்கமும் பகிர்ந்துகொள்ளும் ஒரே எழுத்துரு 200 தடவை ஏறிவிடும். எல்லாப் பக்கங்களையும் சேர்த்து எம்பெட்பேஜஸ் என்று ஒரே தடவை அழையுங்கள். நானும் இதில் மாட்டிக்கொண்டு முழித்தவன்தான்.

கேள்வி: வெப் வொர்க்கருக்கு (திரையைத் தொடாமல் பின்னணியில் வேலை செய்யும் பிரவுசர் வசதி) மாற்றினேன். உறைவது நின்றது, நேரம் குறையவில்லையே?

பதில்: வொர்க்கர் வேலையை வேறு இடத்துக்குத் தள்ளும், குறைக்காது. ஆனால் இப்போது ஒரு சலுகை கிடைத்திருக்கிறது. பிடிஎஃப்-லிப், திரை உறைந்துவிடக் கூடாதே என்று நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் கோப்பை வாசிக்கும். பார்ஸ்ஸ்பீட் (வாசிக்கும் வேகம்) எதுவும் சொல்லாவிட்டால் மெதுவான வேகத்தையே எடுத்துக்கொள்ளும். வொர்க்கருக்குள் உறைவதற்குத் திரையே இல்லை, ஃபாஸ்டஸ்ட் என்று வைத்துவிடுங்கள். சேமிக்கும்போது ஆப்ஜெக்ட்ஸ்பெர்டிக் (ஒரு மூச்சில் எழுதும் பொருள்களின் எண்ணிக்கை) 50-ஆக இருக்கும், அதையும் ஏற்றுங்கள்.

அப்புறம், கோப்பின் அரேபஃபரை (நினைவகத்தில் இருக்கும் அதன் பைட்டுகளை) டிரான்ஸ்ஃபர் முறையில் வொர்க்கருக்கு அனுப்பினால் நகல் எடுக்கும் நேரம் மிச்சம். அனுப்பிய இடத்தில் பஃபர் காலியாகிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: முன்னோட்டத்துக்கு வரைந்துதானே ஆக வேண்டும் சார்?

பதில்: வரையுங்கள், கண்ணுக்குத் தெரியும் தாளை மட்டும். 96 டிபிஐ போதும், முன்பு சொன்ன 35 எம்பி மூன்றரையாகிவிடும். பயனர் வேகமாக உருட்டினால் பாதியில் நிற்கும் வரைதலை ரத்து செய்யுங்கள். பிடிஎஃப்பைத் திரையில் வரையும் பிடிஎஃப்.ஜேஎஸ் நூலகத்தில் ரெண்டர் தரும் டாஸ்க்கிலேயே கேன்சல் இருக்கிறது.

கேள்வி: எல்லாவற்றையும் சர்வருக்கே அனுப்பிவிட்டால்?

பதில்: 500 எம்பி கோப்பை ஏற்றி இறக்குகிற நேரத்தைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் பிரவுசரே அடுக்கி முடித்திருக்கும்.