குழலோசையில் கேட்கும் ‘டிக்’ சத்தம்

முள்ளியவளை வாசகர் ஒருவரின் கேள்வி: “கூத்துப் பாடல்களுக்குத் துணையாகச் சின்தசைசரில் புல்லாங்குழல் போன்ற ஓர் ஒலியை அமைத்தேன். ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ‘டிக்’ என்ற சத்தம் கேட்கிறது. விரைவாக வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. பில்டரை எவ்வளவு மாற்றியும் தீரவில்லை.”

பில்டர் ஒலியின் நிறத்தை மாற்றுவது; அதை இருந்தபடியே விட்டுவிடுங்கள். கட்டையை அழுத்திய கணம் தொடங்கி ஒலி அடங்கும் வரை அதன் உரப்பு எவ்வாறு ஏறி இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வொலியூம் என்வலப்பில்தான் இரண்டு குறைகளும் இருக்கின்றன. அதில் அட்டாக் (ஒலி முழு உரப்புக்கு ஏற எடுக்கும் நேரம்), டிகே (அங்கிருந்து சஸ்டெயின் அளவுக்கு இறங்கும் நேரம்), சஸ்டெயின், ரிலீஸ் (விரலை எடுத்தபின் ஒலி அடங்க எடுக்கும் நேரம்) என நான்கு கட்டுப்பாடுகள் உண்டு.

இவற்றுள் சஸ்டெயினைத்தான் பலரும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். மற்ற மூன்றும் நேரத்தைக் குறிப்பவை. சஸ்டெயினோ, விரலை எடுக்காதிருக்கும் வரை ஒலி எந்த உரப்பில் நிற்க வேண்டும் என்ற அளவு. மீட்டிய வீணைத் தந்தியின் நாதம் தானே தேய்ந்துவிடும் என்பதால் அவ்வகை ஒலிக்குச் சஸ்டெயின் 0. குழலில் மூச்சுள்ளவரை ஓசை நிற்கும். எனவே 80 சதவீதத்துக்கு மேல் வையுங்கள். அப்போது டிகேக்கு அதிக வேலை இராது.

அட்டாக் 0 ஆக இருந்தால் ஒலியலை வெறுமையிலிருந்து ஒரேயடியாக எழுகிறது; அந்தத் திடீர்ப் பாய்ச்சலே உங்களுக்குக் கேட்கும் ‘டிக்’. 5 மில்லிசெக்கன் கொடுத்தாலே அது பெரும்பாலும் மறைந்துவிடும். ஆயினும் ஊதிய காற்று ஓசையாகத் திரளச் சற்று நேரம் எடுக்குமாதலால், குழலுக்கு 40 முதல் 60 வரை வைப்பதே எனக்குப் பிடித்தமானது. மத்தளம் போன்ற ஒலிக்கு மட்டும் இவ்வளவு வைக்க வேண்டாம், அடி மழுங்கிவிடும்.

குழப்பத்துக்குக் காரணம் ரிலீஸ். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லிசெக்கன்; அதில் நான்கு சுரம் வாசித்தால் ஒவ்வொன்றுக்கும் 125தான் கிடைக்கிறது. ரிலீஸ் 800 ஆக இருந்தால், விரல் எடுத்த சுரத்தின் வால் அடுத்த ஆறு சுரங்களுக்குப் பின்னாலும் இழுபடும். அதை 100க்குக் கீழே இறக்குங்கள். ஆனால் 0 வரை போகாதீர்கள், சுரத்தின் முடிவிலும் அதே ‘டிக்’ வந்து சேரும்.

வீட்டில் ஹெட்போனில் சரியாகக் கேட்ட அளவு, எதிரொலிக்கச் சுவரில்லாத கோயில் வெளிவீதியில் வறட்சியாகத் தோன்றக்கூடும். அங்கே ஒலிபெருக்கி பூட்டியதும் வேகமான பாடலொன்றை வாசித்துப் பார்த்து, ரிலீஸை இன்னும் 20, 30 மில்லிசெக்கன் கூட்டிக்கொள்ளுங்கள்.