வாசகர் கேள்வி – பதில்: கோடையில் ரோம் போகிறவர்களுக்கு

விடுமுறைக்கு முதல் முறையாக ரோம் போகத் திட்டமிடும் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: கணவர், 68 வயது மாமியார், நான் என மூவரும் ஜூன் கடைசியில் ஆறு நாள் ரோமில் இருப்போம். அக்னி நட்சத்திரத்தையே பார்த்த நமக்கு அந்த ஊர் வெயில் ஒரு பொருட்டா?
– வாசகி, காரைக்குடி

ப: டிகிரிக் கணக்கில் பொருட்டில்லைதான். ஜூலையில் அங்கே பகல் வெப்பம் சராசரியாக 31, 32 டிகிரி. அனல் காற்று வீசும் வாரங்களில் 38-ஐத் தாண்டும். ஆனால் சித்திரை மாதத்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? கனத்த சுவருக்குள், வளவுத் தாழ்வாரத்தில், மின்விசிறிக்கு அடியில். ரோமில் அதே நேரத்தில் கருங்கல் பாவிய தெருவில் நிற்பீர்கள். வெயில் மேலிருந்து இறங்கும், கல்லிலிருந்தும் ஏறும். மூன்றாம் நாளே கால் வீங்கி அறையில் படுத்துவிடுகிறவர்கள் உண்டு.

அதனால் நம் வீட்டுப் பழக்கத்தையே அங்கும் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு முதல் பதினொன்று வரை வெளியே, நடுப்பகலில் நிழல், மாலை ஐந்துக்கு மேல் மறுபடி வெளியே. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 8.45-க்கு மேல் ஆகிவிடும் என்பதால் மாலையில் நாலு மணி நேரம் கிடைக்கும். பழைய ரோமானிய வட்ட அரங்கான கொலோசியத்துக்குக் காலை 8.30 மணி டிக்கெட்டே எடுங்கள். அதை ஒட்டிய ஃபோரம், அதாவது பழைய நகரச் சதுக்கத்தின் இடிபாடுகள், திறந்த வெளி, மரநிழல் குறைவு. பத்து மணிக்குமேல் மாமியாரை அங்கே நடக்க வைக்க வேண்டாம். நடுப்பகலுக்கு போர்கேஸே கலைக்கூடம் மாதிரி குளிரூட்டிய இடத்தைப் போடலாம். அங்கே இரண்டு மணி நேரத் தவணையில்தான் விடுவார்கள், முன்பதிவு கட்டாயம், திங்கட்கிழமை விடுமுறை. சிறிய தேவாலயங்களை நடுப்பகலுக்கு நம்பாதீர்கள். பல இடங்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் பூட்டி மாலையில்தான் திறப்பார்கள்.

தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ரோம் தெருக்களில் ஏறக்குறைய 2,500 வார்ப்பிரும்புக் குழாய்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கின்றன. வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் அவற்றுக்கு 'நசோனி' என்று பெயர். வீடுகளுக்குப் போகிற அதே குடிநீர்தான். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கிற சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீச்சும். குனியாமலே வாய் வைக்காமல் குடிக்கலாம். ஆளுக்கொரு பாட்டிலும் நாலைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பையில் இருக்கட்டும்.

தெருவில் பதித்திருப்பது சதுரமான சிறு கருங்கற்கள். இடையிடையே சந்து இருக்கும். மெல்லிய அடியுள்ள செருப்பும் சின்னச் சக்கர டிராலியும் அங்கே பாழ். பெரிய சக்கரப் பெட்டி ஒன்றும், முன்பே பழகிய தடித்த அடியுள்ள ஷூவும் போதும். புது ஷூவை விமான நிலையத்தில் போட ஆரம்பிக்காதீர்கள்.

தங்கும் அறையில் ஏசி உண்டா, லிஃப்ட் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய கட்டடங்களில் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். நகர வரி என்று ஒன்று அறை வாடகைக்கு மேல் தனியாக வரும். மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிற வீட்டார் ஜூன், ஜூலையைவிட மே மாதமே போய்வரலாம். இங்கே விடுமுறை, அங்கே 23, 24 டிகிரி. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தில் போகவே வேண்டாம். குடும்பமாக நடத்தும் சிறு உணவகங்கள் பல பூட்டியிருக்கும்.

கே: விசாவுக்கு எப்போது ஆரம்பிக்க வேண்டும்? என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப்பெயர் இடம் காலி. சிக்கல் வருமா?
– வாசகர், தேவகோட்டை

ப: இத்தாலி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு 15 நாள்கூட இல்லாதபோது போனால் வாங்கமாட்டார்கள். கோடைப் பயணத்துக்கு விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே கஷ்டம், ஆகவே மூன்று மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45, ஆறுக்குக் கீழ் இலவசம். விசா விண்ணப்ப மையம் வாங்கும் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்ல வேண்டும். விரல் ரேகை கொடுக்கச் சென்னைக்குப் பல்லவன் ரயிலில் போகிறவர்கள் காலை நேரம் வாங்காதீர்கள். வண்டி போய்ச் சேரவே நண்பகல் ஆகிவிடும்.

விண்ணப்பத்துக்கு முந்தின வாரத்தில் கணக்கில் பெருந்தொகையைப் போட்டு இருப்பைக் காட்டுவது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். மாதாமாதம் வந்துபோகிற வரவு செலவு தெரிகிற கணக்கைக் காட்டுங்கள்.

பெயர் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் மூன்று தலைமுறை முன்னெழுத்தும் வரும், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கும். விசா, விமானம், காப்பீடு, நுழைவுச் சீட்டு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். ஒற்றைப் பெயரை எந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, அந்தப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கொலோசியத்துக்கும் வாட்டிகனுக்கும் டிக்கெட் அங்கே போய் வாங்கலாமா? வேட்டியில் உள்ளே விடுவார்களா?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: அங்கே போய் வாங்கலாம் என்று இருக்காதீர்கள். கொலோசியத்தின் சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிகாரபூர்வ இணையதளத்தில் 30 நாள் முன்னதாகத் திறக்கும். 2023 அக்டோபரிலிருந்து அது பெயர் போட்ட டிக்கெட். வாயிலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள் என்பதால் 'செட்டியார்' என்று நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்; கோடையில் கூட்டம் நெரியும் என்பதால் அந்த நாளைத் தவிருங்கள்.

வாட்டிகன் அருங்காட்சியகம் 20 யூரோ, இணையப் பதிவுக்கு 5 கூடுதல். கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. காலை ஏழு மணிக்குத் திறந்ததும் போனால் சோதனை வரிசை குறைவு. போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் புதன்கிழமைக் காலை வேண்டாம். குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் ஏறினாலும் மிச்சம் 320 படி, அதுவும் போகப்போகக் குறுகிச் சாயும்.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. வேட்டி தாராளமாகப் போகும், மடித்துக் கட்டாதவரை. கையில்லாத ரவிக்கையானால் முந்தானையைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

கே: நாங்கள் சுத்த சைவம். கையில் என்ன கொண்டுபோகலாம், அங்கே எதை நம்பிச் சாப்பிடலாம்?
– வாசகி, பள்ளத்தூர்

ப: இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. நெய் ஜாடி, பால்கோவா வீட்டிலேயே இருக்கட்டும். அசைவக்காரர்கள் உப்புக்கண்டத்தையும் விட்டுவிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது. தேன்குழல், சீப்புச் சீடை, பருப்புப் பொடிக்குத் தடை இல்லை.

அங்கே 'மரினாரா' பீட்சாவில் தக்காளி, பூண்டு, மூலிகை மட்டும்தான், சீஸ் கூடக் கிடையாது. ஏமாற்றுவது பூசணிப்பூ பஜ்ஜி. பார்த்தால் நம் வீட்டுப் பண்டம் மாதிரி இருக்கும். உள்ளே சீஸோடு நெத்திலி வைத்திருப்பார்கள். 'சுப்ளி' என்ற சோற்று உருண்டையிலும் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு உண்டு. 'சென்சா கார்னே, சென்சா பெஷே' (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை.

கே: எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் (தரை ஓடு) பட்டறை. ரோமில் தரை வேலை பார்க்க எங்கே போக வேண்டும்?
– வாசகர், ஆத்தங்குடி

ப: மகிழ்ச்சியான கேள்வி. கொலோசியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சான் கிளெமெந்தே தேவாலயத்துக்குப் போங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தரை. நீங்கள் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்க்கிறீர்கள். அவர்கள் பழைய ரோமானியத் தூண்களைக் குறுக்கே வட்டமாக அறுத்து, சுற்றிலும் ஊதாவும் பச்சையுமான கல் சில்லுகளைப் பதித்தார்கள். குனிந்து பாருங்கள், வட்டத்தைச் சுற்றி ஓடும் பட்டையில் ஒரு முக்கோணம்கூட அடுத்ததோடு அச்சாகப் பொருந்தாது. கையால் வெட்டியது. மேல் தேவாலயத்துக்குக் கட்டணமில்லை, அதற்குக் கீழே நான்காம் நூற்றாண்டுத் தேவாலயத்துக்கு இறங்க டிக்கெட் உண்டு.

பிறகு பழைய ரோமானியக் கோயிலான பாந்தியோன், 5 யூரோ. கூரையின் நடுவே ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்கு வானம் திறந்திருக்கிறது. நம் வளவில் விழுவது போலவே மழை உள்ளே விழும். தரையை நடுவில் லேசாக மேடாக்கி, தண்ணீர் இறங்கச் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்து நிற்கிற இடத்தில் காலடியில் தேடினால் அந்தத் துளைகள் கண்ணில் படும்.