பழைய சவரக்கத்திக்குப் புதுப் பிடி போடலாமா?

கேள்வி: தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆமையோடு போலத் தெரியும் அதன் பிடி விரிசல் விட்டுத் தொட்டாலே உதிர்கிறது. அலகில், பிடிக்குள் மடங்கும் பகுதியில் மட்டும் துரு. புதுப் பிடி நானே செய்து மாட்டலாமா? மறுபடி சவரத்துக்கு ஆகுமா?

பதில்: மாட்டலாம். ஆனால் பிடிக்கு மரம் தேடும் முன் அலகைப் பாருங்கள். துரு அந்தப் பகுதியில் மட்டும் இருப்பதைப் பார்த்தால், உங்கள் பிடி ஆமையோடு அல்ல, பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக். அது சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயு கசியும். காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். முதலில் அந்தப் பிடியைக் கழற்றி, மற்ற கத்திகளிடமிருந்து தள்ளி வையுங்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும், அதனால் சூடோ தீப்பொறியோ படக்கூடாது.

கழற்றும்போது ஆணியின் தலையை அரத்தால் தட்டையாக்கி, சின்ன ட்ரில்லால் துளைத்து எடுங்கள். நெம்பினால் அலகின் வால் பகுதியிலுள்ள (கூரில்லாமல் பிடியோடு சேரும் இடம்) துளை கெட்டுவிடும். இரண்டு பிடித்துண்டுகளுக்கு நடுவே கடைசியில் இருக்கும் ஆப்பையும் பத்திரப்படுத்துங்கள், அளவு பார்க்க உதவும். பழைய கத்திகள் சிலவற்றில் ஆப்பு ஈயத்தில் இருக்கும். ஈயமாக இருந்தால் தேய்க்காதீர்கள், தொட்ட கையை நன்றாகக் கழுவுங்கள்.

இப்போது அலகு. பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வைத்துக் கூர் நெடுகப் பாருங்கள். கூருக்குக் குறுக்கே மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலும் அந்தக் கத்தி முகத்துக்கு ஆகாது, நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். முதுகுப் பக்கத்துக் கறுப்புப் புள்ளிகளால் கெடுதல் இல்லை. கூரை ஒட்டிய குழிகள்தான் ஆபத்து. தீட்டத் தீட்ட அவை பல்போல் உடைந்துகொண்டே வரும்.

துருவை எண்ணெய் விட்டு 600-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 1000, 2000 என்று கையாலேயே தேயுங்கள். தாளைக் கட்டையில் சுற்றி, முதுகிலிருந்து கூரை நோக்கி வெளியே தள்ளுங்கள். கூருக்கு எதிராக ஒருபோதும் வேண்டாம். சுழலும் பாலிஷ் சக்கரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய கூர்ப்பகுதி நொடியில் சூடேறிவிடும். நீலம் பாரித்தால் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். வால் பகுதியில் இருக்கும் முத்திரையையும் தேய்த்து அழித்துவிடாதீர்கள். கத்தியின் வயதை ஊகிக்க அதுதான் துணை. உதாரணமாக, 1891 முதல் அமெரிக்காவுக்குப் போன பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. ‘ஜெர்மனி’, ‘இங்கிலாந்து’ என்று பொறித்த கத்திகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை.

பிடிக்கு முதல்முறை என்றால் அக்ரிலிக் அல்லது மைகார்ட்டா (துணியோ தாளோ பிசினில் தோய்த்து அழுத்திய பலகை) எடுங்கள், ஈரத்தில் வளையாது. மரம்தான் வேண்டுமென்றால் ஈட்டி, கருங்காலி போன்ற அடர்த்தியானவை நல்லவை. நன்றாக எண்ணெயோ வார்னிஷோ பூசியாக வேண்டும். தூசி மூக்கில் ஏறாமல் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் 3 மி.மீ. தடிமனுக்குள் இருக்கட்டும். இரண்டையும் இருபுறமும் ஒட்டும் டேப்பால் சேர்த்து, ஒன்றாகவே வெட்டி, ஒன்றாகவே துளையிட்டால்தான் துளைகள் நேராக வரும்.

பலரும் கோட்டை விடுவது ஆப்பில்தான். பிடியின் வேலை கூரைக் காப்பது. மடக்கும்போது கூர் இரண்டு துண்டுகளுக்கும் சரியாக நடுவில் இறங்க வேண்டும், எதையும் உரசக்கூடாது, முனை வெளியே நீட்டவும் கூடாது. அதை முடிவுசெய்வது ஆப்பின் தடிமன். வால் பகுதியைவிட அது மெல்லியதாக இருக்க வேண்டும். அப்போது துண்டுகள் நடுவில் இலேசாக வெளியே புடைத்து, அந்த இழுவிசையில் அலகைப் பிடித்துக்கொள்ளும். ஆணி அடிக்கும் முன் 1.5 மி.மீ. ஸ்க்ரூவும் நட்டும் போட்டுத் தற்காலிகமாகப் பூட்டுங்கள். மெதுவாக மடக்கி, மேலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். அலகு ஒரு பக்கம் சாய்ந்தால் ஆப்பின் ஒரு முகத்தை மட்டும் கொஞ்சம் தேய்த்து மறுபடி பூட்டிப் பாருங்கள். இதில் ஒரு மாலை முழுதும் போனாலும் பரவாயில்லை, அவசரப்படாதீர்கள்.

சரி என்றதும் அலகை டேப்பால் நன்றாகச் சுற்றிவிட்டு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பியும் வாஷரும் போடுங்கள். முதலில் ஆப்புப் பக்கம், அப்புறம் அலகு மடங்கும் அச்சாணி. இரு பக்கமும் கம்பி 1 மி.மீ.க்கும் குறைவாகவே வெளியே தெரியட்டும். இரும்புக் கட்டைமேல் வைத்து, சின்ன உருண்டைத்தலைச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் உள்ளே கம்பி வளையும், பிடியும் வெடிக்கும். தலை மெல்லக் குவிந்து வரும்வரை சுற்றிச் சுற்றி, பக்கம் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். நாலைந்து தட்டுக்கு ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். அலகு தானாகத் தொங்கினால் இன்னும் தட்டலாம், திறக்கவே சிரமமானால் அதிகமாகிவிட்டது.

தீட்டுவதைக் கடைசியில் வையுங்கள். சாணைச் சக்கரத்தில் கொடுக்கவே கூடாது. முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்க 1000, 4000, 8000, 12000 என்று தட்டைக் கற்களில் தீட்டி, பிறகு தோல் பட்டையில் முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும். இதில் பழக்கம் இல்லையென்றால், இந்த ஒரு வேலையை மட்டும் சவரக்கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.