பவுலிங் பந்து எங்கே திரும்பும்? – கேள்வி பதில்

ஐயா, பெங்களூரு மால்களில் அங்கே தரும் பந்தை எவ்வளவு சுழற்றி விட்டாலும் நேராகவே ஓடுகிறது. என் கையில் குறையா? (ஓசூர்)

பெரும்பாலும் பந்துதான் காரணம். வீசும் கோட்டிலிருந்து முதல் பின் (வீழ்த்த வேண்டிய கட்டை) வரை லேன், அதாவது பந்து ஓடும் பலகைத் தளம், 60 அடி. அதில் ஏறக்குறைய 40 அடி வரை எண்ணெய் பூசியிருப்பார்கள். எண்ணெயில் வழுக்கிச் செல்லும் பந்து, உலர்ந்த பலகையைத் தொட்டுப் பிடிமானம் கிடைக்கும்போதுதான் வளைகிறது. மால்களில் அடுக்கியிருக்கும் பாலியெஸ்டர் பந்துகள் வழவழப்பானவை என்பதால் அந்தப் பிடிமானம் அவற்றுக்குக் குறைவு. 1990களின் தொடக்கத்தில் பரவிய ரியாக்டிவ் ரெசின் என்ற பிசின் வகை வெளி உறையோ, தன் நுண்துளைகளால் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு பலகையைப் பற்றுகிறது.

கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறேன். பந்தையும் 500, 1000, 2000 என்று தேய்க்கிறார்களாமே, எங்கள் கணக்குதானா? (கிருஷ்ணகிரி)

தேய்ப்பானின் எண் ஏற ஏறச் சொரசொரப்பு குறையும் என்ற அளவில் உங்கள் கணக்கேதான். ஆனால் கல்லில் பளபளப்பே முடிவு. பந்தில் எந்த எண்ணோடு நிறுத்துவது என்பதே ஆட்டத்தின் பாதி. 500இல் தேய்த்த பந்து எண்ணெயிலேயே பிடிக்கத் தொடங்கி, வேகத்தை முன்னதாகச் செலவழித்து, பின்களை அடையும்போது சோர்ந்துவிடக்கூடும்; 4000 வரை தேய்த்தோ பாலிஷ் போட்டோ விட்ட பந்து வெகுதூரம் வழுக்கிப் போய்க் கடைசியில் வெடுக்கென்று திரும்பும். சொரசொரப்பு கூடினால் வளைவும் கூடும் என்று பலர் சொல்வது எண்ணெய் மிகுந்த லேனுக்கு மட்டுமே பொருந்தும்.

கடைக்காரர் ஆர்.ஜி., டிஃபரென்ஷியல் என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? (தருமபுரி)

பந்தின் எடை, அதன் மையத்தை ஒட்டியிருக்கிறதா, வெளிப்புறமாகப் பரவியிருக்கிறதா என்பதைச் சொல்வது ஆர்.ஜி. அமெரிக்க பவுலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி.யின் விதிப்படி அது 2.46 முதல் 2.80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். எண் குறைந்தால் பந்து சீக்கிரம் உருளும், கூடினால் தாமதமாகும். டிஃபரென்ஷியல் என்பது பந்தின் வெவ்வேறு அச்சுகளில் அளந்த ஆர்.ஜி.க்களில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வேறுபாடு; அதன் உச்ச வரம்பு 0.060 அங்குலம். அது கூடினால் பந்தின் அச்சு நகர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப் பரப்பு லேனைத் தொடும். திரும்பி வந்த பந்தைத் துடைக்கும் முன் உற்றுப் பாருங்கள்: எண்ணெய் வளையங்கள் தள்ளித் தள்ளி விரிந்திருந்தால் கரு (பந்தின் உள்ளே இருக்கும் எடைக் கட்டி) நன்றாக வேலை செய்கிறது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால் இல்லை. இருந்தாலும் என் கருத்தில் உறைக்கே முதலிடம். கரு அதற்குப் பிறகுதான். விளம்பரங்கள் கருவின் படத்தைப் பெரிதாகப் போடுவது வேறு கதை.

ஒரே பந்துதான் வாங்க முடியும் என்றால்? (ஓசூர்)

சமச்சீர் கரு, நடுத்தர ஆர்.ஜி., 2000 அளவில் தேய்த்த ரியாக்டிவ் உறை. விரல் துளைகளை உங்கள் கையை அளந்தே போடச் சொல்லுங்கள்.

புதிதில் நன்றாகத் திரும்பிய பந்து இப்போது திரும்ப மறுக்கிறதே? (பாலக்கோடு)

உறிஞ்சிய எண்ணெய் உள்ளேயே தங்கிவிட்டது. தேய்மானத்தில் மேற்பரப்பும் வழவழத்துவிட்டது. ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஆட்டம் முடிந்த உடனே கிளீனர் போடுங்கள். அவ்வப்போது மேற்பரப்பைத் தேய்த்துப் புதுப்பியுங்கள். கோடையில் கார் டிக்கியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள், சூட்டில் விரிசல் விடும்.