துக்கம் கேட்க யாரும் வரவில்லை

அன்புள்ள சார்,

ஆறு வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட், ஏழு வயது, மூன்று வாரம் முன்பு இறந்துவிட்டான். முந்தின இரவு நன்றாகத்தான் சாப்பிட்டான். பதினொரு மணிக்கு மேல் ஹாலில் அங்கும் இங்கும் அலைந்துகொண்டே இருந்தான். வாந்தி எடுக்கப் பார்த்தான், நுரை தவிர ஒன்றும் வரவில்லை. எனக்கு மறுநாள் ஆடிட். "படுடா சனியனே" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். காலையில் பால்கனிக் கதவருகே கிடந்தான். இரைப்பை முறுக்கிக்கொண்டுவிட்டது என்றார் டாக்டர். நெட்டில் தேடினால் அவனுக்கு இருந்த அறிகுறி அத்தனையும் அப்படியே போட்டிருக்கிறது. நான் எழுந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பான். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை, காய்ச்சல் என்று லீவு போட்டேன். மாமனார் இறந்தபோதுகூட இப்படி அழவில்லை, இது சரியா? தருமனோடு நாய் சொர்க்கம்வரை போனதே, அவற்றுக்கும் மறுமை உண்டா? உடனே ஒரு குட்டி வாங்கலாம் என்கிறார் கணவர். சங்கிலியும் தட்டும் அப்படியே இருக்கின்றன. என்ன செய்வது?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

மாமனார் கணக்கை விடுங்கள். கண்ணீரை எடைபோட வீட்டில் தராசு வைத்திருக்கிறீர்களா என்ன? தருமனையும் விடுங்கள். யார் வீட்டில் நாய் செத்தாலும் அடுத்த வரியில் அவனை இழுத்துவந்துவிடுகிறார்கள். கதைப்படி அது நாயே இல்லை, வேஷம் போட்டுவந்த தருமதேவதை. உங்கள் பால்கனியில் கிடந்தது நிஜ நாய்.

நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இது வருவதுண்டு. இரைப்பை காற்றில் உப்பித் திருகிக்கொள்ளும். மேல்வழி, கீழ்வழி இரண்டும் அடைபட்டுவிடும். அதனால்தான் வாந்தி வராமல் வெறும் ஓங்கரிப்பு. உப்பின வயிறு பெரிய ரத்தக்குழாய்களை அழுத்த, இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறைந்துபோகும். சில மணி நேரத்துக்குள் வயிற்றைத் திறந்தாக வேண்டும். திறந்தும் எல்லா நாயும் பிழைப்பதில்லை. ஆகவே நீங்கள் எழுந்திருந்தால் பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். "உங்கள் தவறே இல்லை" என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நம்பமாட்டீர்கள். எழுந்து பார்க்கவில்லை, அது உண்மை. அந்த அறிகுறிப் பட்டியலை அவன் செத்தபிறகுதான் படித்தீர்கள், அதுவும் உண்மை. ராத்திரி ராத்திரி அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதை முதலில் நிறுத்துங்கள்.

அப்புறம் அந்த "சனியனே". நம் வீடுகளில் யாரைச் சனியனே என்கிறோம், எதிர்வீட்டுக்காரரையா? ஏழு வருஷத்தில் அந்தப் பெயருக்கு அவன் எத்தனை தடவை வாலாட்டியிருப்பான்!

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு வரி. காய்ச்சல் என்று லீவு போட்டேன் என்றீர்களே, அது.

எங்கள் ஊர் செங்கம் பக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் ஒரு செவலைப் பசு, கறவை. மழை பொய்த்த வருஷம், சோளப்பயிர் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. வாடின இளஞ்சோளத்தை மாடு தின்றால் செத்துப்போகும் என்று ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். (அந்த நஞ்சுக்குச் சயனைடு என்று பேர் என்பது பிற்பாடு படித்தது.) சாயங்காலம் பசுவைக் கட்டுவது என் வேலை. கபடிக்கு நேரமாகிவிட்டது. கயிற்றை முளைக்குச்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடிப்போனேன். திரும்பிவந்தபோது வரப்போரம் வயிறு உப்பி, கால் உதறிக்கொண்டு கிடந்தது. டாக்டரைக் கூப்பிடச் சைக்கிளில் போன ஆள் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கமாட்டார், முடிந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், மனுஷச் சாவுக்கு வருகிற மாதிரியே. திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டு, "எப்படிப்பா ஆச்சு?" அப்பா சொல்வார். அரைமணி கழித்து அடுத்தவர் வருவார், மறுபடி முதலிலிருந்து. மூன்று நாளில் முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். முதல்நாள் குரல் உடைந்தது. மூன்றாம்நாள் பாதியில் நிறுத்திவிட்டு, சந்தையில் அந்தப் பசுவைப் பேரம் பேசின கதையைச் சொல்லிச் சிரித்தார். ஒரு தடவைகூட என் பெயர் வரவில்லை. "கயிறு நழுவிடுச்சு" என்பதோடு சரி. எனக்குத்தான் தாங்கவில்லை. புதுப்பாளையத்திலிருந்து வந்த அத்தையிடம், "நான்தான் அத்தை சரியா கட்டல" என்று சொல்லிவிட்டேன். அத்தை கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள். "சரி, கூழு குடிச்சியா?" என்றாள்.

துக்கம் விசாரிப்பது என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. நாலு பேர் வந்து எப்படி ஆச்சு என்று கேட்கவேண்டும். நாம் சொல்லவேண்டும். சொல்லிச் சொல்லி அந்தக் கதை தேயவேண்டும். உங்கள் அபார்ட்மெண்டுக்கு விசாரிக்க யாரும் வரவில்லை. அதனால் நீங்களே விசாரணைக் கமிஷன் போட்டுக்கொண்டீர்கள். சாட்சி நீங்கள், வக்கீல் நீங்கள், நீதிபதியும் நீங்கள். தீர்ப்பு மட்டும் முதல்நாளே எழுதியாகிவிட்டது. காய்ச்சலாம் காய்ச்சல்! நாய் செத்துப்போச்சு என்று சொல்ல என்ன வெட்கம்? ஒருத்தர் சிரித்திருப்பார்தான், சிரிக்கட்டும். பக்கத்து மேஜைக்காரர் தன் வீட்டில் செத்த பூனையைப் பற்றி ஆரம்பித்திருப்பார். பாவம், அவரையும் பேசவிடாமல் செய்துவிட்டீர்கள்.

நாய்க்கெல்லாமா துக்கம் என்று கேட்பவர்களை எங்கள் மாவட்டத்துக்கு அனுப்புங்கள். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் 1948 ஜூன் 18 அன்று இறந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்தில் மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் இருக்கிறது. அது ஞானி இருந்த இடம், நமக்கு எட்டாது என்பார்கள். சரி, எடுத்தனூருக்குப் போகட்டும். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல், 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் செத்த கருந்தேவகத்தி என்ற வீரன் நிற்கிறான், பின்னால் அவன் நாய். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்குத் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பெயரோடு: கோவிவன்.

எனக்கு உங்கள்மேல் உண்மையான கோபம் இங்கேதான். இனம் எழுதினீர்கள், வயது எழுதினீர்கள், எத்தனை மணிக்கு அலைந்தான் என்று எழுதினீர்கள். பெயரை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். எப்படி ஆச்சு என்பதையும் முதலிலிருந்து எழுதுங்கள். நெட்டில் படித்ததை அல்ல, அவன் குட்டியாக வீட்டுக்கு வந்த நாளிலிருந்து.

குட்டி வாங்கலாமா, சங்கிலியை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த முளைக்குச்சியை யாரும் பிடுங்கவில்லை. பல மாதம் சும்மாவே நின்றது. இருட்டில் இரண்டு தடவை அதில் இடறி விழுந்திருக்கிறேன். அடுத்த தையில் அப்பா ஒரு எருமைக்கன்று பிடித்துவந்தார். கயிற்றை என்னிடம் கொடுத்தார். கட்டினேன். அவர் குனிந்து முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.